கறுப்புச் சாவுக்குப் பிறகு இங்கிலாந்தில் அரிவு வெட்டின பெண்களுக்கு ஆண்களின் கூலியே கிடைத்ததா?

கோப்பாய் மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பஸில் வரலாறு படிக்கிறேன், இரண்டாம் வருடம். ஐரோப்பிய மத்திய காலப் பாடத்துக்கு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும், தலைப்பை நாங்களே தெரிவு செய்யலாம். நான் எடுத்தது 14ஆம், 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிராமத்துப் பெண்கள் கூலிக்குச் செய்த வயல் வேலை.

இதை எடுத்தது அம்மாவால்தான். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா செத்துப்போனார், அன்றிலிருந்து அம்மா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். நடுகை, புல்லுப் பிடுங்கல், வெங்காயம் பிடுங்கல், பிடி கட்டல் என்று எல்லா வேலையும். காலையில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகத்தான் தோட்டத்தில் இறங்குகிறார்கள், ஒன்றாகத்தான் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள், பின்னேரம் காசு எண்ணும்போது மட்டும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கேட்டால் "ஆம்பிளை மண்வெட்டி பிடிக்கிறான்" என்பார்கள். சரி, பாத்தி கட்டுகிற நாளில் அப்படியே இருக்கட்டும். பிடி கட்டுகிற நாளில் எல்லாரும் நிலத்தில் வரிசையாக இருந்து ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், அன்றைக்கும் அதே வித்தியாசம் இருக்கிறது.

இப்போது என் குழப்பம். ஒரு புத்தகம் சொல்கிறது, கறுப்புச் சாவு என்ற அந்தக் கொள்ளைநோயில் ஆட்கள் செத்துப்போய்க் கூலியாள் கிடைக்காத காலத்தில் பெண்களுக்கும் ஆண்களின் கூலியே கிடைத்தது, பெண்களுக்கு அது நல்ல காலம் என்று. இன்னொரு கட்டுரை அதைத் தலைகீழாகச் சொல்கிறது. எது சரி? மற்றது, இந்தப் பெண்களைப் பற்றி நமக்கு எந்த ஆவணத்திலிருந்து தெரியவருகிறது? அம்மாவிடம் தலைப்பைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொம்பிளையளின்ர பேர் எங்கையாவது எழுதி இருக்கோ?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை.


நல்லூர் வாத்தியார்:

பிள்ளை, முதலில் சட்டங்களைப் பாருங்கள், பிறகு வரலாற்றாசிரியர்களின் சண்டைக்கு வரலாம்.

நோய் இங்கிலாந்துக்குள் வந்தது 1348இல். அடுத்த வருடம் முடியும்போது சனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் செத்துவிட்டது. கதிர் முற்றி நிற்கிறது, வெட்ட ஆள் இல்லை, மிச்சமிருந்த ஆட்கள் கூடக் கேட்டார்கள். அரசு 1349இலேயே ஒரு கட்டளை போட்டது. அறுபது வயதுக்கு உட்பட்ட, உடம்பில் வலுவுள்ள, சொந்தத் தொழிலோ நிலமோ இல்லாத எவரும், கூப்பிட்டால் வேலைக்குப் போக வேண்டும், நோய்க்கு முந்திய கூலியைத்தான் வாங்க வேண்டும். அந்தக் கட்டளையில் "ஆணும் பெண்ணும்" என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பெண்கள் கூலிக்குப் போகாத சமூகம் என்றால் அப்படி எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

1351இல் தொழிலாளர் சட்டம் வந்தது. அதில் வேலை வேலையாக உச்சக் கூலி குறித்தார்கள். களை பிடுங்கவும் வைக்கோற்புல் கிண்டிக் காயவிடவும் நாளுக்கு 1 பென்னி. அதே புல்லை வெட்டுகிறவனுக்கு நாளுக்கு 5 பென்ஸ். தானியக் கதிர் அறுப்பவருக்கு ஆவணி, அதாவது ஓகஸ்ட், முதல் கிழமையில் 2 பென்ஸ், இரண்டாம் கிழமையில் 3 பென்ஸ். இதில் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. ஆனால் புல் வெட்டுவது பெரும்பாலும் ஆண்களின் வேலை, களை பிடுங்குவதும் புல் காய வைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒரே புல்வெளியில் முன்னால் போகிறவனுக்கு ஐந்து, பின்னால் வருகிறவளுக்கு ஒன்று. உங்கள் அம்மாவின் மண்வெட்டிக் கதை இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

பிறகு 1388இல் கேம்பிரிட்ஜில் கூடிய பாராளுமன்றம் வருடக் கூலியைக் குறித்தது. வண்டிக்காரனுக்கும் ஆட்டு மேய்ப்பனுக்கும் 10 சிலிங் (12 பென்ஸ் ஒரு சிலிங்), ஏர் மாடு ஓட்டுபவனுக்கு 7, பன்றி மேய்ப்பவனுக்கு 6, "பெண் தொழிலாளிக்கு" 6, பாற்பண்ணைப் பெண்ணுக்கு 6. பாற்பண்ணைக்காரி என்றால் பால் கறந்துவிட்டுப் போகிறவள் என்று நினைக்க வேண்டாம். வெண்ணெய், பாற்கட்டி, கோழி, வாத்து எல்லாம் அவள் பொறுப்பு, நேரம் கிடைத்தால் தானியம் தூற்றவும் வேண்டும். அத்தனை கைத்தேர்ச்சி உள்ள ஒருத்திக்கும் பன்றி மேய்ப்பவனுக்கும் ஒரே சம்பளம்.

1440களின் நடுவில் திரும்பவும் குறித்தார்கள். வண்டிக்காரனுக்கு 20 சிலிங், சாதாரண வேலைக்காரனுக்கு 15, பெண்ணுக்கு 10. எல்லாருக்கும் கூடியிருக்கிறது, இடைவெளி இடைவெளியாகவே நிற்கிறது.

இவை சட்டம் குறித்த உச்சக் கூலிகள், கையில் வாங்கியது கூடவோ குறையவோ இருந்திருக்கும். அதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள்.


வன்கூவரிலிருந்து பழைய மாணவன்:

சேரின் பதிலோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன், கொஞ்சம் மாறுபடவும் செய்கிறேன்.

சமக் கூலி என்ற கதை 19ஆம் நூற்றாண்டில் தொரல்ட் ரோஜர்ஸ் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் பண்ணைக் கணக்குகளைத் திரட்டிய காலத்திலிருந்தே வருகிறது. பிறகு ரொட்னி ஹில்டனும் அறுவடையில் பெண்ணுக்கு ஆணின் கூலி கிடைத்த இடங்களைக் காட்டினார். 1999இல் சான்டி பார்ட்ஸ்லி அதை மறுத்தார். அவரின் கணக்கில் அறுவடை வேலையில் பெண்களுக்குக் கிடைத்தது ஆண்களின் கூலியில் சுமார் 70 வீதம்தான், நோய்க்கு முன்னும் அதே அளவு, பின்னும் அதே அளவு. பெண்ணின் கூலியையே வாங்கிய ஆண்களும் இருந்தார்கள், அவர்கள் யார் என்று பார்த்தால் கிழவர்கள், பையன்கள், உடம்பு இயலாதவர்கள்.

2001இல் ஜோன் ஹச்சர் திருப்பி எழுதினார். நாட்கூலியை மட்டும் பார்க்காதீர்கள், ஏக்கர் கணக்கில் பேசி வெட்டிய வேலையைப் பாருங்கள், அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலை, வலு கூடியவர் கூட வெட்டிக் கூட உழைத்தார், சந்தை பாகுபாடு பார்க்கவில்லை என்பது அவர் வாதம். எனக்கு ஹச்சரின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. கொந்தராத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் வெட்டியது ஆணா பெண்ணா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? ஆட்கள் கிடைக்காத காலத்தில் நல்ல வெட்டுக்காரியைக் குறைந்த கூலி சொல்லி இழக்க எந்தப் பண்ணைக்காரனும் விரும்ப மாட்டான் அல்லவா?


தென்மராட்சி வயல்காரி:

தம்பி, கொந்தராத்தில் யார் வெட்டியது என்று பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் காசு யார் கையில் போகிறது என்று யோசித்தீர்களா?

நான் முப்பது வருடமாக அரிவு வெட்டுக்குப் போனவள். சின்ன வயதில் அம்மா, அப்பா, ஆச்சி, நான், தங்கச்சி எல்லாரும் ஒரு வயலைக் கொந்தராத்துக்கு எடுத்து வெட்டினோம். விடிய முன்னம் பனி ஈரத்தோடு இறங்கினால் வெயில் ஏறும்போது இடுப்பு நிமிராது. அப்பா வெட்டிய அளவுக்கு அம்மாவும் வெட்டினார், இடையில் எழும்பிப் போய்ச் சோறும் காய்ச்சினார். வயல்காரரின் கொப்பியில் இருந்தது அப்பாவின் பெயரும் தொகையும். கூலி நெல்லாக அளந்தபோதும் அப்பாவின் சாக்கில்தான் அளந்தார்கள். எங்கள் நான்கு பேரின் உழைப்பு அந்தக் கொப்பியில் எங்கே இருக்கிறது? அந்த நாட்டுக் கணக்கிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றால், ஏக்கருக்கு ஒரே விலை என்பதை வைத்துப் பெண்ணுக்குச் சமக் கூலி கிடைத்தது என்று எப்படிச் சொல்வது?

வலுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரிவாளால் குனிந்து வெட்டும் வேலைக்கு வலுவைவிடக் கைப்பழக்கம்தான் முக்கியம். கதிரைப் பிடிக்கும் கை அரிவாளோடு சேர்ந்து ஓட வேண்டும், உப்பட்டியை, அதாவது வெட்டிய கதிரை, சிந்தாமல் வைக்க வேண்டும். எங்கள் ஆச்சியை முந்தி வெட்டிய ஆணை நான் கண்டதில்லை. அவருக்கும் பெண் கூலிதான்.

பிறகு மெசின் வந்தது. இப்போது எங்கள் பக்கம் வெட்டுவதும் அடிப்பதும் அதுதான். ஓட்டுபவர்கள் ஆண்கள். மெசின் போக முடியாத மூலையிலும் வெள்ளத்தில் சாய்ந்துபோன துண்டிலும் வெட்டத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், அல்லது புல்லுப் பிடுங்க. ஒரு ஆயுதம் மாறினால் முதலில் வேலை போகிறது பெண்ணுக்கு.


நல்லூர் வாத்தியார்:

அக்கா சொன்ன கடைசி விஷயம் அங்கேயும் நடந்திருக்கிறது. கோதுமையை அரிவாளால் குனிந்து அறுத்தார்கள், அதில் பெண்கள் நிறைய இருந்தார்கள். 1340க்கு முன்பின்னாக லிங்கன்சயர்ப் பிரபு ஒருவருக்காக எழுதிய ஒரு செபப் புத்தகத்தின் ஓரத்தில் அறுவடைப் படம் ஒன்று இருக்கிறது. பெண்கள் குனிந்து அறுக்கிறார்கள், ஒருத்தி நிமிர்ந்து இடுப்பை நீட்டி நோவு ஆற்றுகிறாள், பின்னால் ஒரு ஆண் கதிர் கட்டுகிறான். ஆனால் நின்றபடி வீசி வெட்டும் நீளப்பிடி வாள் ஆண்களின் ஆயுதமாக இருந்தது. முதலில் புல்லுக்கும் பார்லி, ஓட்சுக்கும் அது பயன்பட்டது, பிந்திய நூற்றாண்டுகளில் கோதுமைக்கும் வந்தபோது பெண்கள் அதன் பின்னால் கதிர் சேர்க்கும் இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

கொப்பிக் கதையும் அப்படியேதான். பண்ணைக் கணக்குகளை இலத்தீனில் எழுதினார்கள், ஒருவனின் பெயரும் "அவன் மனைவியும்" என்று ஒரே தொகை வரும். பல இடங்களில் மனைவி என்ற சொல்லும் இல்லை, தலைகளின் எண்ணிக்கை மட்டும்.

வன்கூவர்த் தம்பியின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. "சந்தை" என்று சொல்கிறோம், அந்தச் சந்தையில் பெண்ணுக்குத் தெரிவு இருந்ததா? 2015இல் ஜேன் ஹம்ப்ரிஸ், யாக்கொப் வைஸ்டோர்ப் இருவரும் பல நூற்றாண்டுக் கூலிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நோய்க்குப் பிறகு நாட்கூலிக்குப் போன பெண்களின் வருமானம் கூடியிருக்கிறது. வருட ஒப்பந்தத்தில் வீட்டோடு தங்கி வேலை செய்த பெண்களுக்கு அந்த ஏற்றம் வந்து சேரவில்லை. இங்கேதான் 1349, 1351 சட்டங்கள் வேலை செய்தன. மணமாகாத, நிலமில்லாத பெண் ஒருத்தி "நான் வருடத்துக்குக் கட்டுப்பட மாட்டேன், கூடக் கொடுக்கிற இடத்துக்கு நாட்கூலிக்குப் போகிறேன்" என்றால் அவளைப் பிடித்து வழக்குப் போட முடிந்தது. அதனால் நல்ல காலமா என்று கேட்டால், யாருக்கு என்று முதலில் கேளுங்கள் என்பேன். மணமான பெண் அறுவடை மாதத்தில் நாலு காசு கூட உழைத்திருப்பாள். வருடக் கட்டில் அகப்பட்ட குமர்ப் பிள்ளைக்கு 6 சிலிங்தான்.

சிந்திய கதிர் பொறுக்குவதையும் விட்டுவிடாதீர்கள். அறுவடை முடிந்த வயலில் ஏழைகள் பொறுக்கலாம் என்று வழக்கம் இருந்தது. ஆனால் பல கிராமக் கட்டுப்பாடுகள், சாப்பாட்டோடு நாளுக்கு ஒரு பென்னி உழைக்க வல்லவர் எவரும் பொறுக்கக் கூடாது என்றன. பெண்களைக் கூலி வேலைக்குத் தள்ள அதுவும் ஒரு வழி.


வன்கூவரிலிருந்து பழைய மாணவன்:

அக்காவின் கொப்பிக் கதை என்னை நிறுத்திவிட்டது. என் அம்மம்மாவும் புகையிலைத் தோட்டத்தில் அப்படித்தான் வேலை செய்தார், கணக்கு முழுக்க அப்புவின் பெயரில். ஏக்கர் விலையை வைத்து ஒரு பெண்ணின் வருமானத்தைச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஹச்சரின் வாதத்தில் ஒரே விலை என்ற பகுதி நிற்கும், அதிலிருந்து பாகுபாடு இல்லை என்ற முடிவுக்குப் போவதுதான் இடிக்கிறது.

தங்கச்சி, அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நிலைமை என்று ஒரு பகுதி எழுதினால் கட்டுரை இன்னும் நன்றாக இருக்குமே?


நல்லூர் வாத்தியார்:

அதில் கவனம் தேவை. நோய் இங்கிலாந்தைத் தொடுவதற்கு நாலு வருடம் முன்னால், 1344இல், மொரோக்கோப் பயணி இபுன் பதூதா இலங்கைக்கு வந்து யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். முத்துக் குளிப்பைப் பற்றியும் கறுவாவைப் பற்றியும் எழுதினார். களத்தில் யாருக்கு எத்தனை படி அளந்தார்கள் என்று அவர் எழுதவில்லை. அரசனைக் காண வந்தவரின் கண்ணுக்கு அது படவில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல்தான் தொகுக்கப்பட்டது. அதில் பெண்ணின் சீதனம் பற்றி நிறைய இருக்கிறது, காணி பெண் வழியாக இறங்கும் முறை இருக்கிறது. அதைக் காட்டி எங்கள் பெண்கள் அந்தக் காலத்திலேயே உரிமையோடு இருந்தார்கள் என்று பேசுவோம். அதே தொகுப்பில் ஆண் அடிமைகள், பெண் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. சீதனக் காணியின் சொந்தக்காரியும் பெண்தான், அந்தக் காணியில் கூலி என்ற சொல்லே இல்லாமல் குனிந்து நின்றவளும் பெண்தான். இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முழுதாக ஒழிந்தது 1844இல். எங்கள் ஊரில் வயல் வேலை செய்த பெண்ணைப் பற்றி எழுதும்போது சாதியை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். பள்ளுப் பாட்டுகளில் நாற்று நடும் பெண்கள் வருகிறார்கள், அழகாகவும் வருகிறார்கள், ஆனால் அவற்றைப் பாடியது நட்டவர்கள் இல்லை.

அதனால் ஒப்பீட்டுக்காக அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்தை இங்கிலாந்தாகவே எழுதுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பெயர் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பண்ணைக் கணக்கில் குறைவு. சட்டத்தை மீறிக் கூடக் கூலி வாங்கினார்கள் என்று பிடிபட்டவர்களை விசாரித்த நீதவான்களின் ஏடுகளில்தான் பெண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. யாரின் மகள், எந்த ஊர், அறுவடைக் காலத்தில் ஊரைவிட்டு எங்கே போனாள், எவ்வளவு வாங்கினாள் என்று எழுதியிருக்கிறார்கள். சைமன் பென் என்பவர் 1987இல் இந்த ஏடுகளை வைத்துத்தான் 14ஆம் நூற்றாண்டுக் கூலிப் பெண்களைப் பற்றி எழுதினார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்களின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை.


கோப்பாய் மாணவி:

எல்லாருக்கும் நன்றி. சேர், உங்கள் பதிலை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புல் வெட்டுகிறவனுக்கு 5, காய வைக்கிறவளுக்கு 1 என்றதும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். கூடக் கூலி வாங்கியதற்காகப் பிடிபட்ட பெண்களின் கதை அவருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு என்ன தண்டனை என்று கேட்டார். பெரும்பாலும் தண்டப்பணம் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். "கட்டிப்போட்டு அடுத்த வருசமும் போயிருப்பாளவை" என்றார். பல ஏடுகளில் வருடா வருடம் ஏராளம் பேர் பிடிபட்டிருப்பதைப் பார்த்தால் அம்மா சொல்வது சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

கட்டுரையை இப்படி அமைக்கலாம் என்று நினைக்கிறேன். சமக் கூலியா இல்லையா என்ற கேள்வியை முதலிலேயே உடைத்து, நாட்கூலி, ஏக்கர்க் கூலி, வருடக் கூலி என்று தனித்தனியே எடுப்பது. ஒவ்வொன்றிலும் காசு யார் கையில் போனது என்று பார்ப்பது. வயல்கார அக்கா, உங்கள் கொப்பி உதாரணத்தை முன்னுரையில் பயன்படுத்தலாமா? பெயர் போட மாட்டேன்.


தென்மராட்சி வயல்காரி:

போடு பிள்ளை. ஆச்சியைப் பற்றியும் ஒரு வரி எழுது. உங்கள் அம்மா தன் கூலிக் கணக்கை எங்கேயாவது எழுதி வைக்கிறவரா?


கோப்பாய் மாணவி:

கொப்பியில் இல்லை அக்கா. சாமிப் படக் கலண்டரில் வேலைக்குப் போன நாளுக்கு ஒரு புள்ளி, காசு கைக்கு வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் இல்லாத புள்ளி என்றால் இன்னும் தரவில்லை என்று அர்த்தம். அப்பா செத்த வருடத்திலிருந்து எல்லாக் கலண்டரையும் சுருட்டிக் கட்டித் தட்டுக்கு மேலே வைத்திருக்கிறார். நீங்கள் கேட்ட பிறகு ஏணி வைத்து இறக்கிவிட்டேன். இரண்டைக் கறையான் அரித்துவிட்டது, மற்றவை நன்றாக இருக்கின்றன. கட்டுரை கொடுத்து முடிந்ததும் எண்ணத் தொடங்குகிறேன், வட்டம் விழாத புள்ளிகளை அம்மா பக்கத்தில் இருந்து யாரின் தோட்டம் என்று சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.